எறும்புக்கடி ஊசியும் 30 மில்லி குப்பியும்

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்மா... வாயை நல்லாத் திறங்க."

தமிழ்நாட்டில் பல் பிடுங்கப் போன எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. அடுத்து நடப்பதும் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. சிரிஞ்சு வாய்க்குள் போகும், வெளியே வரும். பல இடங்களில் பத்து விநாடி கூட ஆகாது. "வெளிய போய் உக்காருங்க, உதடு தடிச்ச மாதிரி ஆனதும் சொல்லுங்க" என்பார் டாக்டர். நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். உள்ளே அடுத்த ஆள் போய் உட்கார்ந்திருப்பார்.

இதில் என்ன தப்பு? தினமும் எத்தனையோ ஆயிரம் பேருக்கு இப்படித்தானே நடக்கிறது, எல்லோரும் நன்றாகத்தானே வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். பிரச்சினையே அதுதான். மருந்து அவ்வளவு நல்ல மருந்து. எவ்வளவு அவசரமாகப் போட்டாலும், எண்ணாமல் போட்டாலும், பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமையை நம்பியே போடுகிறவர்களின் பழக்கம் தேய்ந்துபோயிருக்கிறது.

மருந்து எவ்வளவு நல்லது என்று தெரிய, அதற்கு முன் இருந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதன்முதலில் மரத்துப்போகச் செய்யப் பயன்பட்டது கொக்கெய்ன். ஆமாம், படங்களில் வில்லன் கடத்துகிற அதே சரக்குதான்! 1884-ல் கார்ல் கோலர் என்ற கண் மருத்துவர் அதைக் கண்ணில் விட்டால் வலி தெரியவில்லை என்று காட்டினார். அதே ஆண்டே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் கீழ்த்தாடை நரம்புக்குப் பக்கத்தில் அதை ஊசியால் செலுத்தி, தாடையின் ஒரு பக்கத்தையே மரக்கச் செய்தார். இன்றைக்கும் கீழ்ப்பல் பிடுங்க அடிப்படையில் அதே வழிதான். ஆனால் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்ததில் ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்கள் சிலரும் கொக்கெய்னுக்கு அடிமையானார்கள். அதிலிருந்து மீட்க ஹால்ஸ்டெட்டுக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். அதற்கும் அடிமையானார்! பிறகு 1905-ல் நோவோகெய்ன் வந்தது. போதை இல்லை, ஆனால் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் லிக்னோகெய்னைத் தயாரித்தார். அவருடன் வேலை செய்த பெங்ட் லுண்ட்குவிஸ்ட் என்ற இளைஞர் அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். 1948-ல் சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முக்கால் நூற்றாண்டு தாண்டியும் இந்தியப் பல் மருத்துவமனைகளில் இதுதான் ராஜா.

ஆக, மருந்தின் மேல் குறை இல்லை. குறை அதைப் போடுகிற விதத்தில்.

வசதியான நாடுகளில் இந்த மருந்து கார்ட்ரிட்ஜ் என்ற சின்னக் கண்ணாடிக் குழாயில் வரும். ஒன்றில் பெரும்பாலும் 1.8 மில்லி. உலோக சிரிஞ்சில் அதைப் பொருத்தி, ஒரு நோயாளிக்குப் போட்டு, மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் ஹார்வி குக் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், துப்பாக்கியில் தோட்டா போடுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனையைப் பிடித்தார் என்பார்கள். கார்ட்ரிட்ஜ் என்றாலே தோட்டாதானே.

நம்மூரில் பெரும்பாலான இடங்களில் இருப்பது 30 மில்லி குப்பி. மேலே ரப்பர் மூடி. ஒவ்வொரு நோயாளிக்கும் அதே மூடியைக் குத்தி, 2 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்வார்கள். மலிவு. ஒரு குப்பியில் பத்துப் பதினைந்து பேரைப் பார்த்துவிடலாம். இதுவரை சரி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2 சதவீத லிக்னோகெய்ன் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். (கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம், நாலாம் வகுப்புப் பெருக்கல்தான் :-)) குப்பி முழுவதும் 600 மில்லிகிராம். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னை ஆரோக்கியமான பெரியவருக்கு எவ்வளவு வரை போடலாம்? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம், ஆள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் மொத்தம் 500-க்கு மேல் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்பு. இன்னும் எச்சரிக்கையான பாடப்புத்தகங்கள் கிலோவுக்கு 4.4, மொத்தம் 300 என்று நிறுத்திவிடும். அதாவது மேஜையில் இருக்கும் அந்தச் சின்னக் குப்பி, எந்த மனிதருக்கும் ஒரே நேரத்தில் போடக்கூடாத அளவைத் தனக்குள் வைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. ஐம்பது கிலோ ஆளுக்கு எச்சரிக்கையான வரம்பின்படியே 11 மில்லி வரை இடம் இருக்கிறது. ஒரு பல்லுக்கு இரண்டு, மூன்று மில்லி போதும். மாட்டிக்கொள்வது குழந்தைகள். எல்.கே.ஜி. படிக்கும் 15 கிலோ குழந்தைக்கு 4.4 வீதம் 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லி. ஒன்றரை சிரிஞ்சை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வாயில் நாலு மூலையிலும் சொத்தை இருக்கிறது, குழந்தை அடிக்கடி வராது, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைத்தால் வரம்பு எப்போது தாண்டியது என்றே தெரியாது. அதிலும் முதல் ஊசி சரியாக ஏறாமல், அழுகிற பிள்ளைக்கு இன்னொன்று, இன்னுமொன்று என்று போனால்?

அளவு மீறினால் என்ன ஆகும்? இந்த மருந்து நரம்பின் வழியாகப் போகும் செய்தியை நிறுத்துகிறது. பல் நரம்பு, மூளை நரம்பு என்று அதற்குப் பேதம் தெரியாது. ரத்தத்தில் கூடினால் முதலில் ஆள் படபடவென்று பேசுவார், பயப்படுவார், நாக்கும் வாயைச் சுற்றியும் மதமதவென்று இருக்கும், காதில் இரைச்சல் கேட்கும், கை நடுங்கும். சிலர் இதற்கு மாறாகத் தூங்கி விழுவார்கள். அதற்கும் மேலே போனால் வலிப்பு, பிறகு மூச்சும் இதயமும். "ஊசி போட்டதும் குழந்தை சமத்தா தூங்கிடுச்சு" என்று சந்தோஷப்படும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று அந்தக் குழந்தையைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

குப்பியும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு இதை எண்ணவே முடியாதா என்றால் முடியும். சிரிஞ்சில் கோடு போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் கார்ட்ரிட்ஜில் காலியான குழாய் தட்டில் கிடக்கும். ஒன்று, இரண்டு என்று கண்ணால் எண்ணலாம். குப்பியில் அப்படி எதுவும் மிஞ்சாது. அடுத்த நோயாளிக்கும் அதே குப்பி. யாருக்கு எவ்வளவு போனது என்று கேஸ் ஷீட்டில் எழுதினால்தான் உண்டு. "எல்.ஏ. போடப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டு அளவை எழுதாமல் விடுவது சர்வ சாதாரணம். எழுத எடுக்கும் நேரம் மூன்று விநாடி.

அளவை விடவும் முக்கியமான ஒன்று இருக்கிறது. மருந்து எங்கே போகிறது என்பது. கீழ்த்தாடை நரம்புக்குப் போடும் ஊசி, தாடையின் உள்பக்கமாக ஆழத்தில் போகிறது. அந்த நரம்பு தனியாக இல்லை, ஒரு தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்டு கூடவே போகின்றன. ஊசி முனை அந்த ரத்தக் குழாய்க்குள் நுழைய வாய்ப்பு எவ்வளவு? இந்த ஊசியில் 10 முதல் 15 சதவீத முறை அப்படி ஆகலாம் என்று பாடப்புத்தகங்களே சொல்கின்றன. வாயில் போடும் ஊசிகளில் இதுதான் அதிகம்.

ரத்தக் குழாய்க்குள் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, மருந்தைத் தள்ளுவதற்கு முன் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்ப்பது. சிரிஞ்சுக்குள் ரத்தம் வந்தால் இடம் மாற்ற வேண்டும். வராவிட்டால் மெதுவாகத் தள்ளலாம். மெதுவாக என்றால் ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம். அது முடியாவிட்டாலும் ஒரு கார்ட்ரிட்ஜ் அளவுக்கு முழுதாக ஒரு நிமிடமாவது. பத்து விநாடியில் முடிகிற எறும்புக்கடியில் இந்த இரண்டுக்குமே இடமில்லை. இழுத்துப் பார்க்காமல், வேகமாக, ரத்தக் குழாய்க்குள்ளேயே போனால், அளவு வரம்புக்குள் இருந்தும் வரம்பு மீறிய விளைவு வரும். ஊசி போட்ட மறுநொடியே "டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று சொல்பவர்களில் பலருக்கு வெறும் பயம்தான். சிலருக்கு உள்ளே போன அட்ரினலின். பயம் என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

வேகமாகத் தள்ளுவதால்தான் ஊசியே வலிக்கிறது என்பது தனிக் கதை. திசுவுக்குள் திரவத்தை அமுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? எறும்பு கடித்த மாதிரி என்று சொல்லிவிட்டுத் தேள் கொட்டிய மாதிரி போடுவதற்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்ட்ரிட்ஜ் வாங்கிவிட்டாலே எல்லாம் சரியாகிவிடாது. பின்னிழுத்துப் பார்க்கும் வசதி இல்லாத சாதா கார்ட்ரிட்ஜ் சிரிஞ்சுகளும் சந்தையில் இருக்கின்றன. பிஸ்டன் முனையில் கார்ட்ரிட்ஜின் ரப்பரைக் கொக்கி போட்டுப் பிடிக்கும் அமைப்பு இருந்தால்தான் இழுக்க முடியும். அது இல்லாத சிரிஞ்சை விட, நம்மூர் 2 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சே மேல். அதில் இழுத்துப் பார்க்க முடியும். ஒரு கையால் கன்னத்தை விலக்கிக்கொண்டு மறு கையால் இழுப்பது கொஞ்சம் வித்தைதான், முனை நகர்ந்துவிடும். ஆனால் பழகினால் வரும். பழகாமல் விடுவதற்குக் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது அந்த வெளியே இருக்கும் நாற்காலி.

பல் மருத்துவமனையில் வரும் அவசரநிலைகளில் முதலிடம் மயக்கத்துக்குத்தான். அதுவும் பெரும்பாலும் ஊசி போடும்போதோ போட்ட சில நிமிடங்களிலோ வரும். பயத்தில் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சரிவார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவார். உட்கார்ந்த நிலையிலேயே இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு முகத்தில் சோடா தெளித்தால், மூளைக்கு ரத்தம் போகாமல் பிடித்துவைத்த மாதிரிதான். அளவு கூடினால் வரும் அறிகுறிகள், அரிதாக வரும் நிஜ ஒவ்வாமை, இவையும் அந்தச் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தலைகாட்டக்கூடியவை. அதாவது ஒருவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய அதே நேரத்தில், அவரைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்புகிறார்கள். வெளியே அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? பல்வலியோடு தன் முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு நோயாளி!

நாற்காலிக்கு ஆகும் நேரம்தான் டாக்டருக்கு வருமானம், எனவே ஒரு நாற்காலியில் இரண்டு பேரை ஓட்டுகிறார்கள் என்பது புரிகிறது. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் காலை எட்டு மணிக்கே வரிசை வாசல்வரை நிற்கிறது என்பதும் புரிகிறது. ஆனால் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் கதவுக்கு உள்பக்கம், உதவியாளர் கண் படும் இடத்தில் நாலு நாற்காலி போட முடியாதா? இதற்கு உலக வங்கிக் கடனா வேண்டும்?

சாப்பிடாமல் வருவதும் இதோடு சேர்ந்தது. ஆபரேஷன் என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அது முழு மயக்கம் கொடுப்பதற்கு. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுப் பல் பிடுங்குவதற்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியை விட்டுவிட்டு வந்தால், நாற்காலியில் சரியும்போது அது ஊசியாலா, பயத்தாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று யாருக்கும் உடனே தெரியாது.

ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளும் இப்படித்தான் தேய்ந்துவிட்டன. "பி.பி., சுகர் இருக்கா?" என்ற ஒரே மூச்சுக் கேள்வி, "இல்லை" என்று பதில், முடிந்தது. இதயக் கோளாறு உள்ளவருக்கு அட்ரினலின் அளவு வேறு. குப்பியில் 80,000-க்கு 1 என்று எழுதியிருந்தால் ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம். இதய நோயாளிக்கு 40 மைக்ரோகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள், அதாவது 3.2 மில்லி. அதற்காக அட்ரினலினே கூடாது என்று பயந்து மருந்தைப் பாதி மரக்கவைத்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினால், அந்த வலியில் அவர் உடம்பே அதை விட அதிக அட்ரினலினைச் சுரந்துவிடும். ப்ராப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறவரா, தைராய்டு கட்டுக்குள் இல்லாதவரா, ஆஸ்துமா உண்டா... இதெல்லாம் கேட்டால்தான் தெரியும். கேட்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேர்?

கேள்விக்குப் பதிலாகப் பல இடங்களில் ஒரு சடங்கு இருக்கிறது. டெஸ்ட் டோஸ். கையில் ஒரு சொட்டு போட்டுப் பத்து நிமிடம் பார்ப்பது. தடிக்கவில்லை என்றால் ஆபத்தில்லை! மக்களும் டெஸ்ட் போட்டுப் பார்க்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர் என்று நம்புகிறார்கள். லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. இது வரை சொன்ன எந்த ஆபத்தையும், அளவு மீறுவதையோ ரத்தக் குழாய்க்குள் போவதையோ மயக்கத்தையோ, அந்தக் கைச் சொட்டு சொல்லாது. முன்பு ஊசி போட்டு மூச்சுத் திணறியது, உடம்பெல்லாம் தடித்தது என்று சொல்பவரை முறையான ஒவ்வாமைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களிடம் அந்தப் பத்து நிமிடத்தைக் கேள்வி கேட்கச் செலவழித்தால் பலன் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. ஒவ்வாமை வரும்போது பல சமயம் மருந்தை விடக் கூட இருப்பவைதான் சந்தேகத்துக்குரியவை. பலமுறை குத்தப்படும் குப்பியில் கிருமி வளராமல் இருக்க மெத்தில்பாராபென் என்ற பாதுகாப்புப் பொருளைச் சேர்ப்பார்கள். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருவருக்கே பயன்படும் கார்ட்ரிட்ஜுக்கு அது தேவையே இல்லை என்பதால் அமெரிக்காவில் 1984-லேயே அதைப் பல் மருத்துவக் கார்ட்ரிட்ஜ்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். குப்பி இருக்கும்வரை அது இருந்துதான் ஆக வேண்டும்.

குப்பியின் பெரிய பாவம் இன்னும் வரவில்லை. ஒரு நோயாளிக்குப் போட்டு முடித்த சிரிஞ்சில் மருந்து போதவில்லை. ஊசியை மட்டும் மாற்றி அதே சிரிஞ்சைத் திரும்பக் குப்பிக்குள் விட்டால் என்ன? புது ஊசிதானே? ஊசி புதிது, சிரிஞ்சுக்குள் ஒட்டியிருக்கும் ரத்தத் துளி பழையது. அது குப்பிக்குள் போகும், பிறகு அந்தக் குப்பியிலிருந்து எடுக்கும் எல்லோருக்கும் போகும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்துக் குப்பியில் இதே தவறு நடந்தது. 2008-ல் விஷயம் வெளிவந்தபோது, ஹெபடைடிஸ் சி பரவியிருக்கலாம் என்று 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கூப்பிட்டு ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நாட்டிலேயே அந்த நிலை!

அது அமெரிக்கா, இது இங்கே. 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடைய தொற்றில் 8 பேர் இறந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்ற நோய், மூளையைத் தாக்கியது. மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா அது. புலனாய்ந்த மருத்துவர்களும் பொதுச் சுகாதார அதிகாரிகளும் கைகாட்டியது மரப்பு ஊசியை அல்ல, ஒரு சலைன் பாட்டிலை. சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே திரும்பத் திரும்ப ஒவ்வொரு வாய்க்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்து செய்தித்தாள்களில் அடிபட்டது, இரண்டு வாரம் பேசினார்கள், மறந்தார்கள். சலைன் பாட்டிலுக்கும் லிக்னோகெய்ன் குப்பிக்கும் உள்ளே இருப்பது வேறு, பழக்கம் ஒன்றே. ஒன்றைத் திறந்து பலருக்குப் பயன்படுத்துவது. திறந்த தேதியை எழுதாத குப்பி, மூடியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் குத்துவது, இன்னும் மோசமாக "ஒவ்வொரு தடவையும் எதுக்குக் குத்தணும்" என்று ஒரு ஊசியை மூடியிலேயே குத்திவைத்துவிடுவது. 28 நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும் என்ற விதி, மேஜையில் குப்பியின் மேல் ஒரு பேனாக் கோடு கூட இல்லாதபோது யாருக்குத் தெரியும்?

காலிக் குப்பியும் சும்மா இருப்பதில்லை. திசுத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பும் ஃபார்மலினை அதில் ஊற்றிவைப்பார்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி, லிக்னோகெய்ன் மாதிரியே இருக்கும். மரப்பு ஊசி என்று நினைத்து ஃபார்மலினை நோயாளியின் வாயில் ஏற்றிய சம்பவங்கள் இந்தியப் பல் மருத்துவ இதழ்களிலேயே ஒன்றுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. தசையைப் பதப்படுத்தும் திரவம் உயிருள்ள கன்னத்துக்குள்! காலையிலேயே பத்து சிரிஞ்சில் மருந்தை ஏற்றித் தட்டில் வரிசையாக அடுக்கிவைக்கும் பழக்கமும் இதன் தம்பிதான். லேபிள் இல்லாத சிரிஞ்சில் இருப்பது என்ன என்று ஏற்றியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் டீ குடிக்கப் போயிருந்தால்?

இவ்வளவும் தெரிந்தும் கார்ட்ரிட்ஜுக்கு ஏன் மாறவில்லை? காசு. நோயாளி ஒருவருக்கு ஆகும் மருந்துச் செலவு பல மடங்கு கூடும், சிறப்பு சிரிஞ்சும் ஊசியும் தனி. சின்ன ஊரில் குறைந்த கட்டணத்துக்குப் பல் பிடுங்கும் டாக்டருக்கு இது நிஜமான தொல்லை, அவரைக் கிண்டல் செய்ய முடியாது. கட்டணம் ஏறினால் நோயாளி எங்கே போவார் என்பதும் தெரியும். பக்கத்துத் தெருவில் பட்டம் இல்லாமல் பல் கட்டுகிறவரிடம். 1948-ன் பல் மருத்துவர்கள் சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் அந்தக் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே இந்தக் கட்டுரை சொல்லும் எதுவுமே கிடையாது.

ஆனால் பளபளக்கும் ஏ.சி. மருத்துவமனைகள், இம்பிளான்ட்டுக்குப் பல்லாயிரக் கணக்கில் வாங்குகிறவர்கள், வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு என்ன கஷ்டம்? மீனுக்குப் போடும் தீனிக் காசில் கார்ட்ரிட்ஜ் வாங்கிவிடலாம். குழந்தைகளுக்குப் பார்க்கிற இடங்களிலாவது முதலில் மாறட்டும். வரம்பு குறுகலாக இருப்பது அவர்களுக்குத்தான். மற்ற இடங்களில் குப்பியே தொடரட்டும், ஆனால் திறந்த தேதியோடு, ஒவ்வொரு குத்துக்கும் புது சிரிஞ்சும் புது ஊசியுமாக, அளவை எழுதிவைத்து. இவற்றில் காசு ஆவது சிரிஞ்சுக்கு மட்டும்தான்.

நோயாளிகள் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம். "ஊசி சரியா ஏறல, அந்த டாக்டருக்குக் கை ராசி இல்ல" என்பார்கள். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடுகிறது. அங்கே மருந்தில் நரம்புக்குள் நுழையும் பகுதி குறைந்துபோகிறது. அதனால் மரக்காது. வீங்கிய கன்னத்தோடு வந்து "இன்னைக்கே புடுங்குங்க, எவ்வளவு ஊசி வேணா போடுங்க" என்று அடம்பிடித்தால், டாக்டர் இன்னொரு சிரிஞ்சைக் கையில் எடுப்பார். முன்னே சொன்ன கணக்கு அங்கேதான் கைமீறும். தள்ளியிருக்கும் நரம்பில் ஊசி போட முடியுமா, சீழை வடித்துவிட்டு வேறு நாள் வரச் சொல்லலாமா என்று அவர் யோசிக்க இடம் கொடுக்க வேண்டும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. பல்லுக்கும் பார்வைக்கும் போகும் நரம்பு வேறு வேறு. பல் பிடுங்கிக் கண் போகாது. ஆனால் மேல்தாடைக்குப் போடும் ஊசியின் மருந்து சில நேரம் கண் பக்கம் பரவி, இமை சரிவதோ இரண்டிரண்டாகத் தெரிவதோ அபூர்வமாக நடப்பதுண்டு. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்ததும் சரியாகிவிடும். என்றைக்கோ யாருக்கோ அப்படி ஆனதும், "பயப்படாதீங்க, சாயந்திரம் சரியாயிடும்" என்று சொல்ல ஆளில்லாமல் போனதும் சேர்ந்துதான் இந்தக் கதை ஊரெல்லாம் பரவியதோ என்னவோ.

குழந்தைகளுக்கு ஊசி போட்ட அன்று உதடு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேலும் மரத்தே இருக்கும். தடித்த மாதிரி வேடிக்கையாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கடித்துப் பார்ப்பார்கள். வலி தெரியாது, ரத்தம் வரும்வரை கடிப்பார்கள். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் பொருக்கு கட்டியதும், "டாக்டர் ஊசியில செப்டிக் ஆக்கிட்டார்" என்று சண்டைக்கு வருவார்கள். அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த வழியிலேயே முறுக்கு வாங்கிக் கொடுக்காமல் இருந்தாலே பாதி தீர்ந்தது. மரப்பு போகும்வரை பக்கத்தில் ஒருவர் இருந்தால் மீதியும்.

கடைசியாகக் கல்லூரிகள். பழக்கம் பிறப்பது அங்கேதான். பல் மருத்துவ மாணவருக்கு இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும் என்று கோட்டா உண்டு. பிடுங்கிய பற்களை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பின்னிழுத்துப் பார்த்தாரா, எத்தனை விநாடியில் தள்ளினார், எத்தனை மில்லி என்று எழுதினாரா, நோயாளி அருகிலேயே இருந்தாரா என்பதற்குக் கோட்டா கிடையாது. அமெரிக்காவில் பல கல்லூரிகளில் மாணவர்கள் தங்கள் முதல் ஊசியைப் போடுவது நோயாளிக்கு அல்ல, ஒருவருக்கொருவர். ஒப்புதலோடு, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. பத்து விநாடியில் தள்ளினால் எப்படி வலிக்கிறது, அட்ரினலின் உள்ளே போனால் நெஞ்சு எப்படி அடிக்கிறது, மரத்த உதட்டோடு சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று தங்கள் வாயிலேயே தெரிந்துகொள்கிறார்கள். இங்கே அதைக் கொண்டுவர எந்தக் குப்பியும் கார்ட்ரிட்ஜும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. வகுப்பில் பக்கத்து பெஞ்சு நண்பன் வாயைத் திறந்தால் போதும்.